கோல்ஃப் ஹேண்டிகேப்: கணக்கில் குறையில்லை, கார்டில்தான் குறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவில் நிறுவனங்களுக்கிடையே நடந்த ஒரு கோல்ஃப் போட்டியைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். ஹேண்டிகேப், அதாவது ஆட்டத் திறனுக்கேற்ப மொத்த அடிகளிலிருந்து கழிக்கப்படும் எண், 24 ஆக உள்ள ஒருவர் 66 நெட் ஸ்கோருடன் கோப்பையைத் தட்டிச் சென்றார், 4 ஹேண்டிகேப் உள்ள தேர்ந்த ஆட்டக்காரர் 69 எடுத்தும் இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டார் என்று சொன்ன அந்தச் செய்தி, சுமாராக ஆடுபவர்களுக்குத் தரப்படும் இந்தச் சலுகையால் திறமைக்கு மதிப்பில்லாமல் போகிறது என்ற விமர்சனத்தோடு முடிந்திருந்தது. கணக்குத் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், நகரிலுள்ள ஒரு கிளப்பின் ஹேண்டிகேப் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதற்கு மறுப்பு எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்பை சேரக் கூடாத கையில் சேர்ந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழியைச் சுமக்க வேண்டியது ஹேண்டிகேப் கணக்கு அல்ல. அந்தக் கணக்குக்குள் வந்து சேராமல் போகும் ஸ்கோர் கார்டுகள்தாம்.

செய்தியில் நெட் ஸ்கோர் மட்டுமே இருந்தது. போட்டியில் ஆடிய ஒருவரிடம் விசாரித்ததில், வென்றவர் உண்மையில் ஆடியது 90 ஸ்ட்ரோக் (அடி), இரண்டாம் இடத்தவர் ஆடியது 73 என்று தெரிந்தது. இதுதான் கிராஸ் ஸ்கோர். இதிலிருந்து அவரவர் ஹேண்டிகேப்பைக் கழித்தால் வருவது நெட்; குறைந்த எண் எடுத்தவரே வெல்வார். இந்த வேறுபாட்டைச் சொல்லாததால், அல்சூரில் என் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த நம் ஊர் அதிதி அசோக் எடுக்கக்கூடிய ஸ்கோரை ஒரு மென்பொருள் நிறுவன மேலாளர் எடுத்துவிட்டாரே என்று வியந்துபோனார். தொழில்முறைப் போட்டிகளில் ஹேண்டிகேப் கழிவு என்பதே கிடையாது. அங்கே ஆடிய ஸ்ட்ரோக் ஒவ்வொன்றும் அப்படியே கணக்கில் நிற்கும்.

இன்று நடைமுறையில் இருப்பது 2020-ல் அறிமுகமான உலக ஹேண்டிகேப் முறை. அதற்கு முன்பு அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அர்ஜென்டினா என ஆறு வெவ்வேறு முறைகள் இருந்தன. ஒரே ஆட்டக்காரருக்கு ஓர் ஊரில் ஓர் எண், இன்னோர் ஊரில் இன்னோர் எண் என்ற குழப்பம் அதனால் வந்தது. அவற்றை ஒன்றாக்கியவை கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும். இந்தியாவில் இதைக் கவனித்துக்கொள்வது 1955-ல் தொடங்கப்பட்ட இந்தியன் கோல்ஃப் யூனியன்.

இந்த முறையின் அடிப்படைக் கேள்வி, ஒருவர் எத்தனை ஸ்ட்ரோக் ஆடினார் என்பதோடு நிற்பதில்லை. அதை எந்த மைதானத்தில் ஆடினார் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. பெங்களூரு வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1876-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் கோல்ஃப் கிளப்பின் மைதானம் நகரத்துக்கு நடுவே அடங்கிய, நீளம் குறைந்த மைதானம். பழைய விமான நிலையச் சாலையை ஒட்டிய கர்நாடக கோல்ஃப் அசோசியேஷன் மைதானமோ நீளமானது, தண்ணீர்த் தடைகள் நிறைந்தது. ஒன்றில் எடுத்த 90-ஐயும் மற்றதில் எடுத்த 90-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. எனவே ஒவ்வொரு மைதானத்துக்கும், அதில் முதல் அடி அடிக்கும் இடமான ஒவ்வொரு டீ தொகுதிக்கும், பயிற்சி பெற்ற மதிப்பீட்டுக் குழு இரண்டு எண்களைத் தருகிறது. முதலாவது கோர்ஸ் ரேட்டிங்: ஹேண்டிகேப் பூஜ்யமாக உள்ள ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் அங்கே எத்தனை ஸ்ட்ரோக்கில் முடிப்பார் என்ற மதிப்பீடு. இரண்டாவது ஸ்லோப்: ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைக் காட்டிலும், 20 ஹேண்டிகேப் அளவிலுள்ள போகி ஆட்டக்காரரை அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகச் சிரமப்படுத்தும் என்பதன் அளவு. ஸ்லோப் 55-க்கும் 155-க்கும் இடையில் இருக்கும். நடுத்தரமாகக் கொள்ளப்படும் எண் 113.

மதிப்பீட்டுக் குழு நாடா பிடித்து நீளத்தை மட்டும் அளந்துவிட்டுப் போவதில்லை. டீயிலிருந்து 250 கெஜம் அடிக்கும் ஆண் ஸ்கிராட்ச் ஆட்டக்காரரையும் 200 கெஜம் அடிக்கும் போகி ஆட்டக்காரரையும் மனத்தில் நிறுத்தி, அவர்களது பந்து எங்கே போய் விழும், அங்கே மணல் குழி உண்டா, மரம் மறைக்குமா, தண்ணீரைத் தாண்டியே தீர வேண்டுமா என்று ஒவ்வொரு ஹோலாக (டீயிலிருந்து குழி வரையிலான பகுதி) நடந்து பார்த்து மதிப்பெண் போடுகிறது. காற்று, பந்து உருளும் தன்மை, ஏற்ற இறக்கம் ஆகியவையும் சேரும். நம் ஊருக்கென்றே பொருந்தும் ஒரு விஷயமும் இதில் உண்டு. உயரமான இடங்களில் காற்று அடர்த்தி குறைவாக இருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும்; ஆகவே கடல் மட்டத்திலிருந்து 2000 அடிக்கு மேலுள்ள மைதானங்களுக்கு அந்த உயரமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெங்களூரு ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போய் ஆடும்போது பந்து பத்து கெஜம் குறைவாகப் போகிறதே என்று வருந்தும் நம் உறுப்பினர்கள் தங்கள் தோளைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். எடுத்த ஸ்கோரிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, மிச்சத்தை 113-ஆல் பெருக்கி, அந்த மைதானத்தின் ஸ்லோப்பால் வகுத்தால் கிடைப்பது ஸ்கோர் டிஃபரென்ஷியல். ஒரு கடினமான மைதானத்தின் ரேட்டிங் 71.2, ஸ்லோப் 131 என்று வைத்துக்கொள்வோம். அங்கே 93 எடுத்தால் டிஃபரென்ஷியல் 18.8. எளிய மைதானம் ஒன்றின் ரேட்டிங் 67.4, ஸ்லோப் 116. அங்கே 87 எடுத்தால் டிஃபரென்ஷியல் 19.1. அதாவது கிளப் உணவகத்தில் 87-ஐப் பெருமையாகச் சொல்பவரை விட, 93 என்று வாயைத் திறக்கத் தயங்குபவர்தான் அன்று ஒரு சிறிதளவு நன்றாக ஆடியவர். மழையாலோ காற்றாலோ அன்று பெரும்பாலானோரின் ஸ்கோர் வழக்கத்தை விடக் கூடியிருந்தால், அதற்கென ஒரு திருத்தமும் தானாகவே சேரும்.

ஒரு ஹோலில் ஒருவர் பந்தைத் தண்ணீரில் மூன்று முறை போட்டு 11 எடுத்துவிட்டால் அந்த 11 முழுவதும் ஹேண்டிகேப் கணக்கில் ஏறாது. அந்த ஹோலுக்கென வகுக்கப்பட்ட ஸ்ட்ரோக் எண்ணிக்கையான பாருடன் இரண்டையும், அங்கே அவருக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்கையும் கூட்டி வரும் எண்ணே உச்சவரம்பு; இதை நெட் டபுள் போகி என்பர். பார் 4-ல் ஒரு ஸ்ட்ரோக் பெறுபவருக்கு அது 7. நண்பர்களுக்குள் ஆடும்போது குழிக்குப் பக்கத்தில் நிற்கும் பந்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடும் வழக்கத்துக்கும் விதி இடம் தருகிறது: 5 அடிக்குள் இருந்தால் ஒரு ஸ்ட்ரோக் கூட்டி எழுதிக்கொள்ளலாம். இவ்வளவு இடம் கொடுத்த பிறகும் ஆட்டம் முறைப்படி முடியவில்லை, ஆகவே கார்டு போடவில்லை என்று சொல்பவர்களை என்னால் நம்ப முடிவதில்லை.

கடைசி 20 டிஃபரென்ஷியல்களில் மிகச் சிறந்த 8-ஐ எடுத்துச் சராசரி கண்டால் ஹேண்டிகேப் இன்டெக்ஸ் கிடைக்கும். தங்கள் செய்தியாளர் ஹேண்டிகேப்பை ஒருவரது சராசரி ஆட்டம் என்று எழுதியிருந்தார். அது சரியல்ல. மோசமான 12 ஆட்டங்கள் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன; நல்ல எட்டின் நடுப்புள்ளிதான் இன்டெக்ஸ். அந்த எட்டிலும் ஏறக்குறைய பாதிதான் அதை விடக் குறைவாக இருக்கும் என்பதால், ஒழுங்காகக் கார்டு போடும் ஒருவர் தம் ஹேண்டிகேப்புக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ ஆடுவது ஐந்து ஆட்டங்களில் ஒரு முறை அளவுக்குத்தான் நடக்கும். இன்டெக்ஸ் ஒருவரது திறமையின் மேல்பக்கத்தைக் காட்டுகிறதே தவிர அவரது வழக்கமான ஞாயிற்றுக்கிழமையைக் காட்டவில்லை. இதைச் சலுகை என்று எப்படிச் சொல்வது? புதிதாக வருபவர்களுக்கு 54 ஹோல் ஆடிய கார்டுகள் இருந்தால் முதல் இன்டெக்ஸ் கிடைத்துவிடும். ஆண் பெண் இருபாலருக்கும் உச்சவரம்பு 54.0.

இன்டெக்ஸ் எங்கும் கூட வரும் எண். அன்று ஆடும் மைதானத்துக்கேற்ப அதை மாற்றிக்கொள்ள வேண்டும்: இன்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் கோர்ஸ் ஹேண்டிகேப். இன்டெக்ஸ் 16.4 உள்ளவருக்கு, மேலே சொன்ன கடினமான மைதானத்தின் பார் 72 என்றால் 18 ஸ்ட்ரோக் கிடைக்கும். எளிய மைதானத்தின் பார் 70 என்றால் 14 மட்டுமே. இருவர் நேருக்கு நேர் மோதும் மேட்ச் ப்ளேயில் அவர்களது எண்களின் வித்தியாசம், ஹோல்களின் கடினத்தைக் காட்டும் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் வரிசைப்படி ஹோல்களுக்குப் பிரித்து வழங்கப்படும். 20 வித்தியாசம் என்றால் எல்லா ஹோலிலும் ஒன்று, வரிசையில் முதலிரண்டு ஹோல்களில் இன்னும் ஒன்று.

மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளே போட்டியில் கோர்ஸ் ஹேண்டிகேப்பில் 95 சதவீதம்தான் கழிக்க வேண்டும் என்பது பரிந்துரை. இதன் காரணம் தங்கள் செய்தியாளரின் புகாருக்கே பதிலாக அமைகிறது. 4 ஹேண்டிகேப் ஆட்டக்காரரின் ஸ்கோர் நாளுக்கு நாள் அதிகம் மாறாது. 24 ஹேண்டிகேப் ஆட்டக்காரரின் ஸ்கோர் ஏறி இறங்கும். நூறு பேர் ஆடும் போட்டியில் ஏறி இறங்கும் கூட்டத்திலிருந்து யாரோ ஒருவருக்கு அன்று எல்லாம் கைகூடி வந்துவிடும். அந்த வாய்ப்பைக் குறைக்கவே ஐந்து சதவீதம் வெட்டப்படுகிறது. 30 பேருக்கும் குறைவானவர்கள் ஆடினால் முழுவதையும் கொடுக்கலாம். 24-ல் 95 சதவீதம் 23. 4-ல் அது 4 ஆகவே நிற்கும். வென்றவரின் 90-லிருந்து 24 முழுமையாகக் கழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், அந்த 24 கோர்ஸ் ஹேண்டிகேப்பாக இருக்கும் பட்சத்தில் இந்த வெட்டு அங்கே நடக்கவில்லை என்றாகிறது.

அது எந்த 24 என்பதுதான் என் அடுத்த சந்தேகம். நிறுவனப் போட்டிகளில் இன்டெக்ஸ் இல்லாதவர்கள் பலர் ஆடுவதால், அன்றைய கார்டிலிருந்தே ஓர் எண்ணை உருவாக்கும் முறைகள் புழக்கத்தில் உள்ளன. சிஸ்டம் 36 என்பது அவற்றில் ஒன்று: ஒவ்வொரு ஹோலிலும் பார் அல்லது அதைவிட நல்ல ஸ்கோருக்கு 2 புள்ளி, பாருக்கு ஒன்று கூடுதலான போகிக்கு 1, அதற்கு மேல் பூஜ்யம், மொத்தத்தை 36-லிருந்து கழித்தால் ஹேண்டிகேப். இதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பாருக்கு ஒன்று குறைவான பேர்டியும் அடிக்காமல், இரண்டு கூடுதலான டபுள் போகிக்கு மேலும் போகாமல் ஆடிய எல்லோருக்கும் நெட் ஸ்கோர் சரியாகப் பாரில் வந்து நிற்கும். அங்கே, மைதானத்தின் பார் 72 என்று கொண்டால், 90-க்கு 24 கிடைத்து, நெட் 66 வர வேண்டுமானால், ஈகிள் (பாருக்கு இரண்டு குறைவு) போன்ற அதிசயங்களை ஒதுக்கிவிட்டால், ஆறு பேர்டியும் பன்னிரண்டு டபுள் போகியும் அடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கார்டை நான் இதுவரை பார்த்ததில்லை. டபுள் பியோரியா முறையாக இருந்தால் 66 வரலாம்; அதில் ரகசியமாகத் தேர்ந்தெடுத்த 12 ஹோல்களின் ஸ்கோரை வைத்தே எண் கணக்கிடப்படுவதால், அந்தப் பன்னிரண்டில் மோசமாகவும் மற்ற ஆறில் நன்றாகவும் ஆடியவருக்கு அதிர்ஷ்டம். மாலை விருந்துக்கு உற்சாகம் கூட்ட இவை போதும். ஆனால் அதன் விளைவை எடுத்துக்கொண்டு ஹேண்டிகேப் முறையையே குறை சொல்வது நியாயமல்ல.

அது முறையான இன்டெக்ஸிலிருந்து வந்த 24-ஆகவே இருந்தால்தான் கார்டுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவின் மேசைக்கு வந்த கார்டுகளைப் புரட்டும்போது பழைய தணிக்கைக்காரனின் கண் முதலில் தேடுவது, இல்லாத கார்டுகளைத்தான். ஞாயிறு காலை நால்வராக ஆடச் செல்பவரின் பெயர் ஆட்டத்தைத் தொடங்கி அனுப்பும் ஸ்டார்ட்டரின் பதிவேட்டில் வாரம் தவறாமல் இருக்கும். கணினியிலோ மாதத்துக்கு ஒன்று. 96 அடித்த நாளில் கார்டு பெட்டிக்குள் விழுந்துவிடும். 85 அடித்த நாளில் அது தோசைத் தட்டுக்கு அடியில் நெய் பிடித்துக் கிடக்கும். ஸ்கோரைக் குறித்துச் சான்று தரும் மார்க்கரின் கையெழுத்து இருக்கும், ஹோல் வாரியான எண்கள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கும். இந்த ஊர் மைதானங்களில் வேலை செய்யும் கேடிகளில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். யார் உண்மையில் எவ்வளவு ஆடுவார் என்பது கணினியை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓர் உறுப்பினரைப் பற்றிக் கேட்டபோது அவரது பையைத் தூக்கும் கேடி சொன்னது: “கார்டுல பதினெட்டு சார், பந்தயம் வச்சா பன்னெண்டு.”

நாலைந்து கார்டு விட்டுப்போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒருவரது சிறந்த எட்டு டிஃபரென்ஷியல்கள் 13, 14, 14.5, 15, 15.5, 16, 16.5, 17 என்றால் இன்டெக்ஸ் 15.2. இவற்றில் முதல் நான்கை அவர் பதிவு செய்யாமல் விட்டு, அவற்றின் இடத்துக்கு 17.5, 18, 18.5, 19 ஆகியவை ஏறினால் இன்டெக்ஸ் 17.3. நான்கு கார்டுகளில் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு மேல் லாபம். கோப்பைகள் பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரோக்கில்தான் கைமாறுகின்றன. இதற்கு எதிர்த்திசையில் செல்பவர்களும் உண்டு. சிங்கிள் (ஒற்றை இலக்க) ஹேண்டிகேப் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில் நல்ல கார்டை மட்டும் போட்டு, 9-ல் ஒட்டிக்கொண்டு, ஜோடிப் போட்டிகளில் தம்மோடு சேர்ந்தவரின் பொழுதையும் கெடுப்பவர்கள். அவர்கள் யாருடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு போவதில்லை என்பதால் அவர்கள்மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை.

கணக்கு முறை இதை அறியாதது அல்ல. கடந்த 365 நாட்களில் ஒருவருக்கு இருந்த மிகக் குறைந்த இன்டெக்ஸிலிருந்து 3.0-க்கு மேல் ஏறினால், கூடுதல் ஏற்றத்தில் பாதிதான் அனுமதிக்கப்படும், 5.0-க்கு மேல் எந்த நிலையிலும் ஏறாது. 12.0-இலிருந்து கணக்குப்படி 17.0-க்குப் போக வேண்டியவர் 16.0-இல் நிறுத்தப்படுவார். தம் இன்டெக்ஸை விட 7.0 அல்லது அதற்கு மேல் நல்ல டிஃபரென்ஷியல் ஒருவருக்கு வந்தால் அவரது இன்டெக்ஸில் ஒன்று குறைக்கப்படும்; 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு. நெட்டில் பாருக்கு ஆறு குறைவாக ஆடிய நம் வெற்றியாளர் இந்த எல்லைக்கு அருகே நிற்கிறார். அந்தப் போட்டியின் கார்டு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால், மறுநாளே அவரது இன்டெக்ஸ் அதற்கேற்ப நகரத் தொடங்கியிருக்கும். ஏற்றப்பட்டதா? எனக்குத் தெரிந்து பல நிறுவனப் போட்டிகளின் கார்டுகள் பரிசளிப்பு முடிந்ததும் குப்பைக்கூடைக்குப் போகின்றன. அடுத்த மாதம் அதே நபர் அதே 24-உடன் வேறொரு நிறுவனத்தின் போட்டிக்கு வருகிறார்.

ஒருவரது எண் அவரது ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால் அதைத் திருத்தும் அதிகாரத்தையும் விதிகள் கிளப்பின் ஹேண்டிகேப் குழுவுக்குத் தருகின்றன. பயன்படுத்துவோர் குறைவு, நாளை அதே மேசையில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டியவரின் எண்ணை யார் குறைப்பது என்ற தயக்கம்தான். 2022-ல் திருத்தப்பட்ட அமெச்சூர் விதிகள், பணப் பரிசை ஹேண்டிகேப் இல்லாத ஸ்கிராட்ச் போட்டிகளில் மட்டுமே அமெச்சூர்கள் பெறலாம் என்று சொன்னதற்குக் காரணம், பணம் புகுந்தால் இந்த எண் என்னவாகும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான். இங்கே கொடுக்கப்படுவது பணமில்லை, கைப்பையும் வெளிநாட்டு விடுமுறையும் என்பதால் ஆசை குறைந்துவிடுவதில்லை.

ஆகவே போட்டி நடத்தும் நிறுவனங்களை நான் கேட்டுக்கொள்வது: ஆட வருபவரிடம் எண்ணை வாய்மொழியாகக் கேட்காமல், கடைசி 20 ஸ்கோர்களும் தேதிகளும் உள்ள பதிவைக் கேட்டு வாங்க வேண்டும், மூன்று பதிவுகளுடன் 24 வைத்திருப்பவருக்கும் இருபது பதிவுகளுடன் 24 வைத்திருப்பவருக்கும் ஒரே மரியாதை தரத் தேவையில்லை. ஆட்டம் முடிந்த மாலையே எல்லாக் கார்டுகளையும், வென்றவரின் கார்டை முதலாவதாக, கணினியில் ஏற்றிவிட வேண்டும். அன்றைய கார்டிலிருந்தே எண் உருவாக்கியவர்களுக்குத் தனிப் பரிசு வைத்துவிட்டால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய செய்திகளில் வெற்றியாளரின் பெயருக்குப் பக்கத்தில் கிராஸ், நெட் இரண்டையும், மைதானத்தின் பாரையும், ஹேண்டிகேப் எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் ஒரே வரியில் அச்சிட்டால் போதும். 66 என்ற எண்ணின் மதிப்பு என்ன என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு